ஐப்பசியில் இலை கொட்டிய மரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் மேலேயே எனக்குக் கோபம் வரும். அதனால் இதை முதலிலேயே ஒத்துக்கொண்டு எழுதிவிடுகிறேன். இது என் தம்பி மனைவி வளர்த்த ஆற்றுப்பாலை மரங்களைப் பற்றியது. அவற்றை நான் வெட்டியதைப் பற்றியதும்தான்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். மேட்டூரில் திறந்த தண்ணீர் ஆறாகி, கிளையாகி, வாய்க்காலாகி, வழியில் இருக்கிற அத்தனை பேரும் பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். கடைமடைக்காரன் பிழைப்பு அப்படித்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே இருக்கிறவர்கள் எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிவிடுகிற தண்ணீர் ஒரு சொட்டு குறையாமல் எங்களிடம்தான் வந்து சேரும். ஆனியில் தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்தவர்களே கார்த்திகையில் தண்ணீர் வடியவில்லை என்று மறியல் செய்கிற ஊர் இது.

அப்பா காலமான பிறகு நானும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டோம். வீட்டைப் பிரிக்கவில்லை, ஒரே அடுப்புதான். உள்ளே இருக்கிற வயல் எனக்கு, வாய்க்கால் வளைவை ஒட்டிய நாலு மா தம்பிக்கு. நாலு மா என்றால் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகம். மண் என்னுடையதைவிட நல்ல மண், ஆனால் இடம் பொல்லாத இடம். வாய்க்கால் அங்கே திரும்புகிறது. திரும்புகிற தண்ணீர் கரையைத்தான் முட்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கரை உடைந்து, தூர் கட்டி நிற்கிற சம்பாப் பயிர் மேல் மணலை வாரிக் கொட்டிவிட்டுப் போகும்.

அப்படி ஒரு கார்த்திகையில் உடைந்ததில்தான் தம்பிக்கு வெறுத்துவிட்டது. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் மூலமாகச் சவூதிக்கு விசா வந்தது. கட்டடக் கம்பெனியில் கம்பி கட்டுகிற வேலை. அந்த வருஷங்களில் ஊரில் பாதி இளவட்டம் ஏதாவது ஒரு விமானத்தில் இருந்தது. அதே சமயத்தில்தான் இறால் பண்ணைக்காரர்களும் வந்தார்கள். கடலோரத்தில் வாங்க ஆரம்பித்து வயல் வயலாக எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டார்கள். தண்ணீர் அடிக்கிற வயலை நெல்லுக்காரன் வேண்டாம் என்பான். இறால்காரன் இன்னும் கொஞ்சம் தோண்டிக்கொள்கிறேன் என்பான். கேட்ட விலைக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

தம்பி விற்றுவிடலாம் என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவன் மனைவிதான் முடியாது என்றுவிட்டாள். கிளம்புகிற அன்று காலையில் கூடத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டே தம்பி அவளிடம் சொன்னான்:

“ரெண்டு வருஷ அக்ரிமெண்ட். நான் லீவுல வர்றதுக்குள்ள கரை இன்னொருதரம் உடைஞ்சுதுன்னா, பேசாம இறால்காரன்கிட்ட குடுத்துடுவோம். உடையலன்னா வச்சுக்க. அப்பறம் நான் வாயத் தொறக்கமாட்டேன்.”

அவள் சரி என்று தலையாட்டினாள். அவன் போன பிறகு அடுக்களையில் என் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “அவரு சம்பளம் அரபிக்காரன் கையில இருக்குக்கா. நாளைக்கே போதும்னு அனுப்பிச்சுட்டான்னா? நாலு மா இருந்தா புள்ளைக்குச் சோறாவது இருக்கும்.” பெண் குழந்தை அப்போது இடுப்பில் இருந்தது.

காதில் விழுந்தது என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவள் என்னிடம் பேசமாட்டாள். நானும் அவளிடம் பேசமாட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் குடும்பங்களில் மூத்தவன் தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் என் மனைவி வழியாகச் சொல்வாள். என் மனைவி பக்கத்தில் இல்லையென்றால் கொல்லையில் கட்டியிருக்கிற பசுவிடம் சொல்வாள். “மாமாவுக்குக் காப்பி வச்சிருக்கு, ஆறிடும்” என்று பசுவைப் பார்த்துச் சொல்வாள், நான் போய்க் குடிப்பேன். நானும் அப்படித்தான். “நாளைக்கு நாலு ஆள் வருது, சோறு கூட வேணும்” என்று உத்தரத்தைப் பார்த்துச் சொல்வேன், மறுநாள் சோறு கூட இருக்கும். மரியாதை என்று அதற்குப் பெயர். ஐந்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவளுக்கு நேராக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தையில் அவளுடைய அண்ணன் பொங்கல் சீர் கொண்டுவந்தான். அவர்கள் ஊர் முசிறிப் பக்கம், காவிரி அகலமாகப் போகிற இடம். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பானை, அரிசி, வெல்லம் எல்லாம் இறங்கிய பிறகு பஸ் மேலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிய இன்னொரு கட்டும் இறங்கியது. பிரித்தால், கட்டைவிரல் பருமனில் நாலு அடிக் குச்சிகள், பன்னிரண்டு.

“என்ன மச்சான், சீரோட வெறகும் கொண்டாந்துட்டீங்க? எங்க வீட்டுல அடுப்பெரியலன்னு யாரும் சொன்னாங்களா?” என்றேன்.

“வெறகு இல்ல மச்சான். தங்கச்சி கேட்டு எழுதியிருந்துச்சு. ஆத்துப்பாலை. எங்க பக்கம் ஆத்தோரமா நிக்கும். வெள்ளம் முங்கி ஓடினாக்கூட அசையாது. அது நிக்கிற எடத்துல கரையும் நிக்கும்.”

நான் சிரித்தேன். பொதுப்பணித்துறைக்காரன் கருங்கல் போட்டு நிற்காத கரை, இந்தக் குச்சியில் நிற்கப்போகிறதாம்!

அவள் என் சிரிப்பைக் கண்டுகொள்ளவில்லை. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாளே கரைக்குப் போய்விட்டாள். குச்சியை அப்படியே குத்தினால் தோல் உரிந்துவிடுமாம். முதலில் கடப்பாரையால் துளை போட்டு, மொட்டு மேல் பார்த்து இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தண்ணீர் தொடுகிற மட்டத்தில் சாய்வாக இறக்கி, சுற்றிலும் களிமண் போட்டுக் காலால் மிதித்தாள். நாலு அடிக் குச்சியில் ஒரு அடிதான் வெளியே தெரிந்தது. ஆடு வாய் வைக்காமல் இருக்கக் கருவேல முள்ளை வெட்டி வளைத்துக் கட்டினாள். இதையெல்லாம் என் வயல் வரப்பில் நின்றுகொண்டு பார்த்தேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

தை கடைசியில் மேட்டூரை மூடினார்கள். மாசியில் வாய்க்கால் வறண்டு வெடித்தது. ஆற்றுப்பாலைக்குக் காலடியில் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் முதல் வருஷம் தாண்டாது. வயற்காட்டு அடிபம்பிலிருந்து கரைக்கு நடந்தால் கால் மணி நேரம். பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் நாலு மாதமும் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நடை, வெயில் இறங்கிய பிறகு ஒரு நடை. இடுப்பில் குடம், தலையில் குடம். ஒவ்வொரு குச்சி அடியிலும் ஊற்றி, ஈரம் போகாமல் வைக்கோலைப் போட்டு மூடிவிட்டு வருவாள். கம்பளிப்பூச்சி வந்தது, அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்த் தூவினாள். காவிரிப் பாசன ஊரில் மரத்துக்குக் குடத்தில் தண்ணீர் சுமக்கிற பெண்ணை ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. டீக்கடையில் என்னைக் கேலி பண்ணினார்கள். எனக்கு ரோஷம் வந்து, வீட்டுக்கு வந்து என் மனைவியைத் திட்டினேன்.

“உன் ஓரகத்திகிட்ட சொல்லி வை. நாத்தங்காலுக்குக்கூட இப்படி எவனும் தண்ணி சுமந்ததில்ல.”

“நீங்களே சொல்லுங்க. என்கிட்ட ஏன் கத்துறீங்க?” என்றாள் என் மனைவி. நான் எப்படிச் சொல்வேன்?

பன்னிரண்டில் நாலு காய்ந்துவிட்டன. எட்டு பிழைத்தன. ஆனி கடைசியில் தண்ணீர் வந்ததும் அந்த எட்டும் கிளம்பின பாருங்கள், ஒரு மாதம் விட்டுப் பார்த்தால் ஒரு சாண் ஏறியிருக்கும். நீள நீளமான இலை, கீழ்ப்பக்கம் வெளிறியிருக்கும், காற்றடித்தால் மரமே வெளுத்துத் தெரியும். தண்ணீருக்குள் கை விட்டுப் பார்த்தால் செம்பட்டை முடி மாதிரி வேர் கற்றை கற்றையாகக் கரை முழுக்கப் பின்னியிருந்தது. ஆமாம், கை விட்டுப் பார்த்தேன். யாரும் இல்லாத நேரத்தில்.

அந்தக் கார்த்திகையில் தண்ணீர் கரை தட்டிக்கொண்டு வந்தது. மேலே இரண்டு இடத்தில் உடைந்தது. வளைவில் உடையவில்லை. அவளுடைய நாலு மாவிலும் நெல் என் வயலைவிட நன்றாக விளைந்தது. தம்பி அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவான், ஊருக்கு வருகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள். நாங்களும் பேசி அனுப்புவோம். அந்தத் தடவை என் முறை வந்தபோது “கரை நின்னுட்டுதுடா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டேன். எதனால் நின்றது என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாவது வருஷம் மரங்கள் ஆள் உயரம் தாண்டி, இரண்டு ஆள் உயரம் வந்துவிட்டன. இன்னும் ஒரு மழைக்காலம் தாண்டினால் போதும். தையில் தம்பி லீவில் வருவான், நிலம் அவளுக்கு என்று முடிந்துவிடும். அதை அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள், வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஐப்பசியில் நாங்கள் மேலுரத்துக்கு அலைந்துகொண்டிருந்தோம். உர விலை எல்லாம் ஏறி, யூரியா ஒன்றுதான் வாங்குகிற விலையில் இருந்ததால் அதற்கு அடிதடி. ஒரு நாள் விடிந்ததிலிருந்து சொசைட்டி வாசலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். எனக்கு முன்னால் நின்றவனோடு மூட்டை தீர்ந்துவிட்டது. பசி வேறு. வந்து உட்கார்ந்தால் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள் தம்பி மனைவி. அவள் அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாகத் தந்தி வந்திருந்தது. என் மனைவி அவளுக்கு வழிச்சோறு கட்ட உள்ளே போயிருந்தாள்.

அவள் கொல்லைக் கதவருகே வந்து நின்று பசுவிடம் பேச ஆரம்பித்தாள்.

“நான் வர ஒரு மாசம் ஆகும். கரையில மரம்...”

மரம்! எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. ஊரே யூரியாவுக்குச் செத்துக்கொண்டிருக்கிறது, இவளுக்கு மரம். சொல்வதானால் என் மனைவியிடம் சொல்லி அனுப்பட்டும் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். பின்னால் அவள் குரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். என் மனைவியிடமும் அவள் சொல்லவில்லை. என்னிடம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தாளா, சொல்ல நேரமில்லையா, தெரியாது.

அவள் போன பத்தாம் நாள் கரைப் பக்கம் போனேன். மரங்கள் மொட்டையாக நின்றன. எட்டில் ஒன்றில்கூடப் பத்து இலை இல்லை. பழுத்து உதிர்ந்தது எல்லாம் தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

இதை நான் விளக்கிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் மரம் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். தண்ணீர் நின்று, மண் வெடித்து, வெயில் ஏறும்போது கொட்டும். ஐப்பசியில் எல்லாம் பச்சை. வரப்பு பச்சை, வேலி பச்சை, கல் மேல் பாசி பச்சை. அந்த மாதத்தில், காலடியில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மரம் இலை கொட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் எங்களுக்கு. வேர் அழுகிவிட்டது, மரம் செத்துவிட்டது. முந்தின வருஷம் கொட்டியதா என்று கேட்டால், நான் பார்க்கவில்லை. அப்போது அது இடுப்பு உயரம், பாதி தண்ணீருக்குள் இருந்தது.

செத்த மரம் கரையில் நிற்கக்கூடாது. புயல் காற்றில் சாயும், சாயும்போது கரையையும் பேர்த்துக்கொண்டு போகும். அடிக்கட்டையை விட்டாலும் ஆபத்து, கறையான் அரித்து உள்ளே பொந்து விழும், அந்தப் பொந்தில் தண்ணீர் புகுந்து கரையை அறுக்கும். இதெல்லாம் எங்களுக்குப் பாலோடு வந்த அறிவு. தம்பி வருவதற்குள் கரை உடைந்தால் அவள் நிலம் போய்விடும். அவள் ஊரில் இல்லை. நான் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது? சத்தியமாகச் சொல்கிறேன், அவளுடைய நல்லதுக்குத்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வெட்டுகிறவர் முதல் மரத்தில் நாலு வெட்டுப் போட்டுவிட்டு நின்றார்.

“அண்ணே, ஈரமா இருக்கேண்ணே.”

“பத்து நாளா மழையில நனைஞ்ச கட்டை ஈரமா இல்லாம காய்ஞ்சா இருக்கும்? வெட்டுய்யா.”

அவர் மறுபடி ஓங்கினார். என்னிடம் யாரும் இரண்டாம் தடவை பேசுவதில்லை. எட்டையும் வெட்டி, அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, அந்தக் குழிகளில் நல்ல களிமண்ணாகப் போட்டு மெத்தி, மேலே தென்னங்கீற்றையும் போட்டுவிட்டு வந்தோம். தோண்டும்போது வேர் விடவில்லை. இரண்டு ஆள் கடப்பாரை போட்டு நெம்பவேண்டியிருந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? வெட்டிய கிளைகளை விறகுக்கு ஆகும் என்று கொண்டுவந்து கொல்லைச் சுவர் ஓரமாக, கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் போட்டோம்.

கார்த்திகை பிறந்து ஐந்தாறு நாளில் புயல் சின்னம் என்றார்கள். இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் வளைவு உடைந்தது. நான் களிமண் மெத்திய இடத்திலேதான், அளவெடுத்த மாதிரி. மூங்கிலும் மணல் மூட்டையும் போட்டு ஊர்க்காரர்களோடு அடைத்தோம். அதற்குள் நாலு மாவில் இரண்டரை மா மணலுக்குள் போய்விட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்த ஆற்றுப்பாலையைத் திட்டினேன். நம்பவைத்துக் கழுத்தை அறுத்த மரம் என்றேன்.

நாலு நாள் கழித்து மழை விட்டது. என் மனைவி விறகு எடுக்கக் கொல்லைக்குப் போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க.”

“என்ன?”

“வாங்களேன்.”

போய்ப் பார்த்தேன். விறகு துளிர்த்திருந்தது. ஒன்று இரண்டு இல்லை, குவியல் முழுக்க. ஒவ்வொரு கணுவிலும் விரல் நகம் அளவுக்குச் செம்பச்சைத் துளிர். அடியில் ஈரத்தில் கிடந்த கிளைகளில் வெள்ளை வெள்ளையாக வேர் முளை கூட விட்டிருந்தது. நான் ஒரு கிளையை எடுத்து நகத்தால் தோலைக் கீறினேன். பச்சை.

உயிரோடு இருந்த மரத்தை வெட்டியிருக்கிறேன். இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை விட நின்ற மரத்தை, செத்துவிட்டது என்று வேரோடு பிடுங்கியிருக்கிறேன். எந்த மரம் கரையைப் பிடித்துக்கொண்டிருந்ததோ அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் களிமண்ணை வைத்திருக்கிறேன்.

“அந்தப் பொண்ணு வந்தா என்னங்க சொல்றது?” என்றாள் என் மனைவி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைத் திட்டாமல், அரிவாளைத் தேடி உள்ளே போனேன்.

அன்றைக்கே குவியலிலிருந்து நேரான கிளையாகப் பதினொன்று பொறுக்கினேன். நாலு அடிக்கு வெட்டி, கடப்பாரையால் துளை போட்டு, மொட்டு மேல் பார்க்கிறதா என்று பார்த்து, உடைப்பு அடைத்த இடத்தில் தண்ணீர் மட்டத்தில் சாய்வாக இறக்கினேன். அவள் செய்ததைப் பார்த்திருந்தேன் அல்லவா, கை தன்னால் செய்தது. முள்ளும் கட்டினேன்.

அவள் கார்த்திகைக் கடைசியில் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கரைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள், சேலையில் முழங்கால் வரைக்கும் சேறு. என் மனைவி நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் வெளியே கேட்டது. அன்று மட்டும் இல்லை, மறுநாளும் கேட்டது.

அதன் பிறகு தினமும் விடிந்ததும் நான் கரைக்குப் போய் ஒவ்வொரு குச்சியாகத் தொட்டுப் பார்த்தேன். பயிரைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

பொங்கல் முடிந்து தம்பி வந்தான். பெட்டி, கம்பளி, டேப் ரிக்கார்டர், தைலம், எல்லாருக்கும் எல்லாம். அவள் அன்றைக்கே அவனிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பாள், காலையில் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நான் இருந்தேன். காலையில் அவன் சாதாரணமாகப் பேசினான். அதற்கு மறுநாளும் அப்படியே. பிறகுதான் புரிந்தது, கரை உடைந்தது என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும், மரங்களும் அதோடு போய்விட்டன என்று நினைத்திருக்கிறான். அவள் சொல்லவில்லை. என் மனைவியும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் நான், நானும் சொல்லவில்லை.

நாலாம் நாள் இறால் பண்ணைக்கு நிலம் பிடித்துத் தருகிற தரகர் வந்துவிட்டார். முன்பணமும் எழுதிய பத்திரமும் கையிலேயே கொண்டுவந்திருந்தார். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். என் மனைவியும் அவளும் அடுக்களை நிலைப்படிக்குப் பின்னால் நின்றார்கள்.

“மரமெல்லாம் வச்சுப் பாத்தீங்க, நின்னுச்சா? அந்த எடம் நெல்லுக்கு லாயக்கில்லீங்க” என்றார் தரகர்.

தம்பி அடுக்களைப் பக்கம் திரும்பி, “கேட்டியா? ரெண்டு வருஷம் கொடத்தத் தூக்கிக்கிட்டு நாயா அலைஞ்சியே, என்ன ஆச்சு? உன் மரம் காப்பாத்துச்சா?” என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளிடம் பதில் இருந்தது. ஒரே வார்த்தையில் என்னைக் காட்டிக் கொடுத்து நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் நின்றாள். தம்பி பேனாவைத் திறந்தான்.

“மூடுடா அதை” என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“மரம் நின்னுச்சு. போன வருஷம் மேல ரெண்டு எடம் உடைஞ்சும் இங்க உடையல, அந்த மரத்தாலதான். இந்த வருஷம் நான் வெட்டினேன். இலை கொட்டினதைப் பாத்து செத்துப்போச்சுன்னு நெனச்சு வேரோட தோண்டி எடுத்தேன். அது சாகல. வெட்டின கட்டை கொல்லையில கெடந்து துளுக்குது, போய்ப் பாரு. கரை தானா உடையலடா. நான்தான் உடைச்சேன்.”

தம்பி கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு, “சரிண்ணே. யாரு வெட்டுனா என்ன, உடைஞ்சது உடைஞ்சதுதானே? அடுத்த வருஷம் நிக்கும்னு யாரு சொல்றது?” என்றான்.

அப்போது அவள் நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். என் மனைவி சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். அவள் நிற்கவில்லை. எனக்கு எதிரே வந்து நின்றாள்.

“நீங்க சொல்லுங்க மாமா. இப்ப நட்டிருக்கிறது பிடிக்குமா, பிடிக்காதா?”

தரகர் எங்கேயோ பார்த்தார். எனக்கு உத்தரத்தைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை.

“பிடிச்சிருச்சும்மா. பதினொண்ணுல ஒம்பது பிடிச்சிருச்சு. தெனம் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். கோடைக்கு நான் தண்ணி ஊத்துறேன். அடுத்த மழையில அந்தக் கரை உடைஞ்சா, என் பங்குல நல்ல வயலா நாலு மா உன் பேருக்கு எழுதித் தர்றேன். இவங்க எல்லாரும் சாட்சி.”

தம்பி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான். “அப்பறம் என்ன? நீங்களும் அவளும் பாத்துக்குங்க” என்றான். தரகர் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தார். தம்பி அவரை வழியனுப்ப வாசலுக்குப் போனான்.

அவள் உள்ளே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

“நீங்க வெட்டினதுக்கு நான் அழல மாமா” என்றாள். “தெரியாம வெட்டிட்டீங்க, அது எனக்குத் தெரியும். ஐப்பசியில கொட்டும், கார்த்திகையில துளுக்கும்னு அன்னைக்குச் சொல்லத்தான் வந்து நின்னேன். பாதிப் பேச்சுல எழுந்து போனீங்களே, அதுக்குத்தான் அழுதேன்.”

குரல் உயரவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. வயதில் என்னைவிடப் பன்னிரண்டு வருஷம் சின்னவள்.

“தப்புதாம்மா” என்றேன்.